நிகழ்நேரமும் நினைவும்: ஒலிச் செருகுநிரல்களின் ஆக்கநெறி பற்றிய சில குறிப்புகள்

வாய்மொழிப் பாடகன் ஒருவன் அவையின் முன் பாடும்போது அடியின் நடுவே நின்று அடுத்த சொல்லைத் தேட முடியாது. தாளம் அவனுக்காகக் காத்திராது. மில்மன் பரி யூகோசிலாவியப் பாடகரிடையே நடத்திய கள ஆய்வுகளும், அவற்றைத் தொடர்ந்து அல்பேட் லோர்ட் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் இவ்வுண்மையை விரிவாக விளக்கின. பாடகன் வாய்பாடுகளையும் அடிக்கருத்துக்களையும் முன்கூட்டியே நினைவில் தொகுத்து வைத்திருக்கிறான்; பாடும் வேளையில் அவற்றை எடுத்துப் பொருத்துகிறான். ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பேராசிரியர் க. கைலாசபதி, தமது ஆய்வின் பேறாக 1968ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்னும் நூலில் இந்நோக்கைச் சங்கச் செய்யுட்களுக்குப் பிரயோகித்தமை எமது வாசகர் அறிந்ததே. அவருடைய முடிபுகள் பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தன. ஆயினும் அவ்வாய்வு எழுப்பிய வினா இன்றும் பயனுடையது: காலம் நிகழ்த்துவோனின் கையில் இல்லாதபோது ஆக்கம் எவ்வாறு சாத்தியமாகிறது?

இதே வினாவை முற்றிலும் வேறான களமொன்றில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்களம், ஒலித் தொகுப்பு மென்பொருள்களுடன் இணைத்துப் பயன்படுத்தப்படும் சிறு நிரல்களாகும். இத்துறையினர் 'பிளகின்' என வழங்கும் இவற்றை நாம் செருகுநிரல் என்போம். பாடகியின் குரலுக்கு மண்டபத்தின் முழக்கத்தைச் சேர்ப்பதும், முரசின் அதிர்வை அடக்குவதும், இல்லாத வயலினை இசைக்கச் செய்வதும் இன்று பெரும்பாலும் இவையே. திரைப்படம், வானொலி, மேடை நாடகம் ஆகிய எதன் ஒலியும் இவற்றின் ஊடாகவே பெரும்பாலும் நம் செவியை அடைகின்றது. கலையின் உற்பத்திக் கருவிகளை ஆராயாது கலையை ஆராய முடியாது என்னும் கொள்கையுடையோர், இக்கருவிகளை எந்திரவியலாளரின் தனிச்சொத்தென ஒதுக்கிவிடுதல் தகாது. அவ்வாறே, கருவியின் இயல்பை அறியாமல் அதன் சமூகப் பயனைப் பற்றிப் பேசுவதும் தகாது. எனவே முதலில் கருவியை விளங்கிக்கொள்வோம்.

1. நிகழ்நேரம்

கணிப்பொறி கொண்டு இசையை உண்டாக்கும் முயற்சி நிகழ்நேரத்தில் தொடங்கவில்லை. 1957ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்தியூஸ், ஐ.பி.எம். 704 கணிப்பொறியைக் கொண்டு 17 செக்கன் நீளமான இசைத் துணுக்கொன்றை உருவாக்கினார். கணிப்பு ஓரிடத்தில் நடந்தது. அதன் விடைகள் காந்த நாடாவில் பதியப்பட்டு, பின்னர் வேறோரிடத்தில் ஒலியாக மாற்றப்பட்டன. ஆக்கத்துக்கும் கேட்டலுக்கும் இடையே நீண்ட இடைவெளி இருந்தது. கணிப்பு எவ்வளவு சுணங்கினும் இசை கெடவில்லை. கேட்போன் காத்திருந்தான், அவ்வளவே.

செருகுநிரலின் நிலைமை இதற்கு மாறானது. அது தானாக இயங்குவதில்லை. அதனை ஏற்று நடத்தும் பெரிய மென்பொருளொன்று உண்டு. அதனைப் புரவலன் என அழைப்பது பொருந்தும். புரவலன் ஒலியைச் சிறு துண்டங்களாக்கி ஒவ்வொன்றாகச் செருகுநிரலிடம் கையளிக்கிறது. ஒரு செக்கன் ஒலி 48,000 மாதிரிகளாகப் பகுக்கப்படுகிறது எனவும், ஒரு துண்டத்தில் 128 மாதிரிகள் உள்ளன எனவும் கொள்வோம். அவ்வாறாயின் ஒரு துண்டத்தின் நீளம் ஏறத்தாழ 2.67 மில்லிசெக்கன், செக்கனுக்கு 375 துண்டங்கள். ஒவ்வொரு துண்டமும் அடுத்தது வருமுன்னர் பதப்படுத்தப்பட்டுத் திருப்பிக் கொடுக்கப்படல் வேண்டும். அதே 2.67 மில்லிசெக்கனுக்குள் புரவலனின் சொந்த வேலைகளும், அதே பாடலில் உள்ள ஏனைய செருகுநிரல்களின் வேலைகளும் முடிந்தாக வேண்டும். முடியாவிடின் ஒலிபெருக்கிக்குக் கொடுக்க எதுவும் இராது. அவ்வெறுமை 'டிக்' என்னும் வெடிப்பாகவோ இடையறவாகவோ செவியில் விழும்.

நிகழ்நேரம் என்பது வேகத்தைக் குறிக்கிறது எனப் பொதுவாக எண்ணப்படுகிறது. இது தவறான எண்ணம். குறித்த தவணைக்குள் முடியும் என்ற உத்தரவாதமே அதன் சாரம். செருகுநிரலொன்று ஒரு துண்டத்தைச் சராசரியாக 1 மில்லிசெக்கனில் முடிக்கிறது என்போம். ஆனால் பத்தாயிரம் துண்டங்களுக்கு ஒருமுறை அதற்கு 5 மில்லிசெக்கன் தேவைப்படுகிறது என்போம். சராசரியை நோக்கின் அது நல்ல நிரலே. ஆனால் பத்தாயிரம் துண்டங்கள் 27 செக்கன்களுக்குள் கடந்துவிடும். எனவே அரை நிமிடத்துக்கு ஒருமுறையேனும் பாடல் உடையும். மற்றொரு நிரல் எப்போதும் 2 மில்லிசெக்கன் எடுக்கிறது எனின், அது முன்னதிலும் மெதுவானது. ஆயினும் இப்பணிக்கு அதுவே தகுந்தது. சராசரி இங்கு எதையும் காப்பாற்றுவதில்லை. மிக மோசமான வேளையே அளவுகோலாகிறது.

2. விலக்கப்பட்ட செயல்கள்

இவ்வுத்தரவாதத்தினின்று சில கடுமையான விதிகள் பிறக்கின்றன. ஒலியைப் பதப்படுத்தும் இழையில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத எச்செயலும் விலக்கப்படுகிறது. வட்டிலிருந்து கோப்பொன்றை வாசித்தல் ஆகாது. வட்டு எப்போது விடை தரும் என்பது நிச்சயமில்லை. இயக்க முறைமையிடம் புதிய நினைவக இடம் கேட்டல் ஆகாது. அது ஒரு வேளை உடனே கொடுக்கும், மற்றொரு வேளை தேடிக்கொண்டிருக்கும். வேறோர் இழை பூட்டி வைத்திருக்கும் தரவுக்காகக் காத்திருத்தலும் ஆகாது.

இவற்றுள் இறுதியானது சிறிது விளக்கம் வேண்டுவது. ஒரே தரவை இருவர் ஒரே வேளையில் மாற்றினால் குழப்பம் விளையும் என்பதால், ஒருவர் கையாளும்போது மற்றவர் நுழையாதவாறு பூட்டுவது நிரலாக்கத்தில் வழமை. ஆனால் திரையில் படம் வரையும் தாழ்ந்த முன்னுரிமையுடைய இழை பூட்டை வைத்திருக்கையில், இடைப்பட்ட முன்னுரிமையுடைய வேறொரு வேலை வந்து அதனை இடைநிறுத்திவிட்டால், அனைத்திலும் உயர்ந்த முன்னுரிமையுடைய ஒலி இழை அவ்விடைப்பட்ட வேலை முடியும்வரை காத்து நிற்க நேரிடும். முன்னுரிமை தலைகீழாகிவிடுகிறது. 1997ஆம் ஆண்டு யூலையில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய 'பாத்பைண்டர்' விண்கலத்தின் கணிப்பொறி மீண்டும் மீண்டும் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டமைக்கு இதுவே காரணம் எனக் கண்டறியப்பட்டது. வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த பணியொன்றின் கையில் பூட்டு இருந்தது. உயர்ந்த பணி தவணையைத் தவறவிட்டது. பூட்டை வைத்திருப்போனுக்குக் காத்திருப்போனின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் ஏற்பாட்டைப் பூமியிலிருந்து செயற்படுத்தியே அதனைத் திருத்தினர்.

செருகுநிரலாளர் இவ்விடர்களினின்று தப்பும் வழி ஒன்றே: வேண்டுவன அனைத்தையும் முன்னரே ஆயத்தம் செய்துவிடுதல். தேவைப்படும் நினைவகம் ஒலி தொடங்குமுன் ஒதுக்கப்படுகிறது. அட்டவணைகள் முன்னரே கணிக்கப்படுகின்றன. பயனர் திரையில் ஒரு குமிழைத் திருப்பினால், அச்செய்தி பூட்டில்லாத சிறு வட்டவரிசையொன்றில் இடப்படுகிறது. ஒலி இழை தன் வசதிப்படி அதனை எடுத்துக்கொள்கிறது. பாடகன் வாய்பாடுகளோடு அவைக்கு வந்தமையும் இவ்வாறானதே. கணத்தில் நிகழ்வதுபோலத் தோன்றும் ஆற்றலின் பின்னே கணத்துக்கு முந்திய உழைப்பு நிற்கின்றது. கண நேர அருட்பாய்ச்சலாகவே ஆக்கத்தைக் காண்போர் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி இது.

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. பாடகன் அவையின் முகம் பார்த்துப் பாட்டை நீட்டுவான், குறுக்குவான். செருகுநிரலுக்கு அவ்வுரிமை இல்லை. ஒரே உள்ளீட்டுக்கும் ஒரே அமைப்புக்கும் ஒரே விடையைத் தரவேண்டும் என்பதே பொதுவாக அதனிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

3. நிலை என்னும் கருத்து

ஒலியளவை இருமடங்காக்கும் நிரலொன்றை எடுத்துக்கொள்வோம். வரும் ஒவ்வொரு எண்ணையும் இரண்டால் பெருக்கினாற் போதும். முந்திய எண் யாது என அது அறிய வேண்டியதில்லை. இதனை நிலையற்ற செய்முறை எனலாம். ஆனால் இவ்வாறானவை மிகச் சில. கூர்மையான ஒலியை மென்மையாக்கும் எளிய வடிகட்டியொன்றை நோக்குவோம். அதன் விதி வருமாறு: முந்திய விடையின் 0.9 பங்கையும் புதிய உள்ளீட்டின் 0.1 பங்கையும் கூட்டுக. உள்ளீடு தொடர்ந்து 1 ஆக இருப்பின் விடைகள் 0.1, 0.19, 0.271 என மெல்ல உயர்ந்து 1ஐ அணுகும். ஒவ்வொரு விடையும் அதற்கு முந்தியதைத் தன்னுள் கொண்டிருக்கிறது. முந்தியது அதற்கும் முந்தியதைக் கொண்டிருக்கிறது. நினைவில் வைக்கவேண்டியது ஒரேயொரு எண்ணே. ஆயினும் அவ்வோர் எண்ணினுள் சமிக்ஞையின் இறந்தகாலம் முழுவதும் சுருங்கிக் கிடக்கிறது. இவ்வாறு அழைப்புக்கும் அழைப்புக்கும் இடையே காக்கப்படும் எண்களின் தொகுதியே நிலை எனப்படுகிறது.

இதன் இன்றியமையாமையை அறியச் சிறந்த வழி, அது தவறும்போது நிகழ்வதைக் காண்பதாகும். மேற்குறித்த வடிகட்டி ஒவ்வொரு துண்டத்தின் தொடக்கத்திலும் தன் நினைவைச் சுழியமாக்கிவிடுகிறது என்போம். 128 மாதிரிகளின் முடிவில் விடை 1ஐ அணுகியிருக்கும். அடுத்த மாதிரியில் திடீரென 0.1க்கு வீழும். செக்கனுக்கு 375 தடவை இவ்வீழ்ச்சி நிகழும். இசையில் எங்கும் இல்லாத, 375 மீடிறனுடைய இரைச்சலொன்று கேட்கத் தொடங்கும். துண்டமாக்கல் என்பது கணிப்பொறியின் வசதிக்காகச் செய்யப்பட்ட பிரிவினை. ஒலிக்கு அவ்வெல்லைகள் இல்லை. எல்லைகளைத் தாண்டி நினைவைக் கொண்டுசெல்வதன் மூலமே துண்டுகள் மீண்டும் தொடர்ச்சியாகின்றன. இதனால் நல்ல செருகுநிரலாளர் ஒரே ஒலியைத் துண்டத்தின் அளவை 64, 512 எனவும், ஒழுங்கற்ற அளவுகளாகவும் மாற்றி மாற்றிச் செலுத்தி, விடை மாறாதிருக்கிறதா எனச் சோதிப்பர்.

நிலை பெரிதாக இருக்கும்போது அதன் வலிமையும் பெரிதாகிறது. ஒரு செக்கன் எதிரொலிக்கு 48,000 எண்களைக் கொண்ட தாமத வரிசை தேவை. கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ரோங் ஆகிய இருவரும் 1983இல் வெளியிட்ட முறை இதற்குச் சிறந்த உதாரணம். ஏறத்தாழ நூறு எண்களைக் கொண்ட வரிசையொன்றை ஒழுங்கற்ற இரைச்சலால் நிரப்பி, அதனைச் சுழலவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரு எண்களின் சராசரியை மீண்டும் வரிசையில் இட்டால், சுண்டிவிடப்பட்ட தந்தியின் ஓசை எழுகிறது. அங்கு தந்தியும் இல்லை, தந்தியின் பதிவும் இல்லை. தன் இறந்தகாலத்தை மீண்டும் மீண்டும் வாசிக்கும் நினைவு மட்டுமே உள்ளது. இசை இங்கே நினைவின் இயக்கமாகவே அமைகின்றது.

நினைவு சுமையாகவும் மாறலாம். எமது வடிகட்டியில் ஒருமுறை 1 என்னும் உள்ளீடு வந்து பின் அமைதி நிலவுகிறது என்க. விடைகள் 0.1, 0.09, 0.081 எனத் தேய்ந்து செல்லும். கணிதத்தில் அவை ஒருபோதும் சுழியத்தை அடையா. ஏறத்தாழ 800 மாதிரிகளின் பின், அதாவது சுமார் 17 மில்லிசெக்கனில், 32 பிற்று எண்முறை வழமையாகக் குறிக்கக்கூடிய மிகச் சிறிய அளவுக்கும் கீழே சென்றுவிடும். அத்தகைய நுண்ணெண்களைக் கணிக்கப் பல செயலிகள் வழமையிலும் பன்மடங்கு நேரம் எடுக்கின்றன. எண்களை முழுமைப்படுத்தும் விதியினால் அவ்வெண் அங்கேயே சிக்கி, என்றும் சுழியமாகாது நின்றுவிடவும் கூடும். எவரும் கேட்கமுடியாத அந்த எச்சத்தின் பொருட்டுச் செயலி திணறுகிறது. அமைதியின் நடுவே தவணை தவறுகிறது. எனவே இத்தகைய எண்களைச் சுழியமாகக் கொள்ளும்படி செயலிக்கு முன்னரே பணித்துவிடுவர். எதனை மறக்கவேண்டும் எனத் தீர்மானிப்பதும் நினைவைப் பேணுதலின் ஒரு பகுதியே.

4. காலத்தினூடே தாவுதல்

பயனர் பாடலின் தொடக்கத்திலிருந்து கேட்பதை விட்டு நடுப்பகுதிக்குத் தாவும்போது புதிய சிக்கலொன்று எழுகிறது. அவ்விடத்தில் செருகுநிரலின் நிலை எதுவாக இருத்தல் வேண்டும்? கண்டிப்பாக நோக்கின், அதற்கு முன்னுள்ள அனைத்தையும் இசைத்தாலன்றி அதனை அறிய முடியாது. வரையறுத்த நினைவுடைய வடிகட்டிகளுக்குச் சில ஆயிரம் மாதிரிகள் முன்னே சென்று தொடங்கினாற் போதும். பின்னூட்டல் கொண்டவற்றின் நினைவு கோட்பாட்டளவில் முடிவற்றது. நடைமுறையிற் புரவலன் பழைய நிலையைத் துடைத்துவிடும்படி பணித்து, புதிய இடத்திலிருந்து தொடங்குகிறது. முந்திய முழக்கத்தின் வால் அறுந்து போகிறது.

ஒலியை மெல்ல அசைக்கும் அதிர்வியொன்றை இருவகையாக அமைக்கலாம். ஒவ்வொரு மாதிரியிலும் சிறிது முன்னகர்த்தித் தன் கட்டத்தைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும்படி அமைப்பது ஒருவகை. பாடலில் இப்போது எவ்விடத்தில் நிற்கிறோம் எனப் புரவலனிடம் கேட்டு, அதிலிருந்து கட்டத்தைக் கணிப்பது மற்றது. முதலாவதில் பயனர் எப்போது இயக்கத்தைத் தொடங்கினார் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரே பாடலை இருமுறை கோப்பாக வெளியிட்டால் இரு வேறு ஒலிகள் கிடைக்கக்கூடும். இரண்டாவதில் எத்தனை முறை வெளியிடினும் அதிர்வு ஒரே இடத்திலேயே நிற்கும். உயிரோட்டத்தை விரும்புவோர் முதலாவதையும், மீளப்பெறலை விரும்புவோர் இரண்டாவதையும் நாடுவர். கோப்பாக வெளியிடும்போது புரவலன் கடிகாரத்தைப் பொருட்படுத்தாது இயன்ற வேகத்தில் இயக்குவதும் உண்டு. அப்போது உலகக் கடிகாரத்தைப் பார்த்து இயங்கும் செருகுநிரல் தவறான விடையைத் தரும். செருகுநிரலின் காலம் மாதிரிகளின் எண்ணிக்கையிலேயே உள்ளது; சுவர்க் கடிகாரத்தில் இல்லை.

ஈ. பி. தொம்சன் 1967ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வேலையின் இயல்பால் அளக்கப்பட்ட காலம் கடிகாரத்தால் அளக்கப்படும் காலமாக மாறியமையையும், அம்மாற்றத்தில் கைத்தொழில் முதலாளித்துவத்தின் பங்கையும் விளக்கினார். 2.67 மில்லிசெக்கன் தவணையை அத்தகைய ஆலைக் கட்டுப்பாட்டின் இன்னொரு வடிவமாகக் காணும் ஆவல் எமக்கும் எழுந்தது. ஆனால் அது மேலோட்டமான முடிவாகும். தவணையின் மூலம் ஒலியின் தொடர்ச்சி. வாசிப்போனின் விரலுக்கும் செவிக்கும் இடையே சுணக்கம் உணரப்படலாகாது என்னும் உடலியல் தேவை. எத்தகைய சமுதாய அமைப்பிலும் அது நிலவும். இயற்கை விதிக்கும் கட்டாயத்தையும் உடைமை உறவு விதிக்கும் கட்டாயத்தையும் ஒன்றெனக் கொள்வது ஆய்வாகாது.

5. நினைவு யாருடையது?

அவ்வாறாயின் உடைமை உறவு எங்கே வெளிப்படுகிறது? இதற்கு விடைகாண நிலையின் இரண்டாவது வகையை நோக்கவேண்டும். இதுவரை கூறியவை கணத்துக்குக் கணம் மாறும் ஒலி நினைவு. அதனின் வேறாக, பயனர் செய்த தெரிவுகளின் நினைவு ஒன்று உண்டு: குமிழ்களின் நிலைகள், ஏற்றிய ஒலிக்கோப்புகள், வரைந்த வளைகோடுகள். பாடலைச் சேமிக்கும்போது புரவலன் ஒவ்வொரு செருகுநிரலிடமும் அதன் நிலையைக் கேட்கிறது. செருகுநிரல் பிற்றுக்களின் பொட்டலமொன்றைக் கொடுக்கிறது. புரவலன் அதனைத் திறந்து பார்ப்பதில்லை. பாடற் கோப்பினுள் அப்படியே வைத்துக்கொள்கிறது. மீண்டும் திறக்கும்போது அதே பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

நிரலாக்க நோக்கில் இது நல்லொழுக்கமே. ஒருவர் மற்றவரின் உள்விவகாரத்தை அறியாமலே ஒத்துழைக்க இது வழிசெய்கிறது. பொறுப்புள்ள ஆக்குநர் பொட்டலத்தின் தலையில் பதிப்பெண்ணை இடுவர். புதிய பதிப்பு பழைய பொட்டலத்தையும் வாசிக்கும்படி காப்பர். பாடல் ஒலித்துக்கொண்டிருக்கையில் புதிய நிலை வந்தால், பின்னணி இழையில் அதனை முழுமையாக ஆயத்தம் செய்து, ஒரே கணத்தில் பழையதன் இடத்தில் மாற்றி வைப்பர். ஆனால் பொட்டலத்தை வாசிக்க வல்லது அதனை எழுதிய நிரல் ஒன்றே. அந்நிரல் மறைந்தால் பொட்டலம் மௌனமாகிறது.

இதனை நாம் அனுபவமாகவே அறிவோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பங்குகொண்ட மேடை நாடகமொன்றுக்கு மாணவ நண்பரொருவர் இசையமைத்தார். சிறையறைக் காட்சிக்குரிய முழக்கத்தை அமைக்க அவர் பல இரவுகள் செலவிட்டார். நாடகத்தை மீண்டும் மேடையேற்ற முற்பட்டபோது கணினி மாறியிருந்தது. அச்செருகுநிரலை விற்ற நிறுவனம் அதனைக் கைவிட்டிருந்தது. பாடற் கோப்பு திறந்தது. அம்முழக்கம் இருக்கவேண்டிய இடத்தில், செருகுநிரல் கிடைக்கவில்லை என்னும் அறிவித்தல் மட்டுமே நின்றது. நண்பரின் தெரிவுகள் அனைத்தும் கோப்பினுள் பொட்டலமாக இருந்தன. அவற்றை வாசிக்க எவராலும் இயலவில்லை. அவருடைய உழைப்பு அழியவில்லை, சிறைப்பட்டுவிட்டது.

இவ்வனுபவத்தின் வரலாற்றுப் பின்னணி தெளிவானது. ஸ்ரைன்பேர்க் நிறுவனம் 1996இல் தனது கியூபேஸ் மென்பொருளுடன் வி.எஸ்.ரி. என்னும் இணைப்பு நியமத்தை அறிமுகஞ் செய்தது. பிறரும் அதற்கேற்பச் செருகுநிரல்களை ஆக்க அனுமதிக்கப்பட்டமையால் அது உலகளாவிய வழக்காயிற்று. எண்ணற்ற ஆக்குநரின் கூட்டுழைப்பால் பொதுமொழியாகிய ஒன்று சட்டப்படி ஒரு நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. 2018ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வி.எஸ்.ரி. 2க்குப் புதிய உரிம உடன்படிக்கைகள் வழங்குவதை நிறுத்தியது. அன்றுவரை உடன்படிக்கை செய்யாதோர், வழக்கிலிருந்த அம்மொழியில் சட்டப்படி எழுதும் வாய்ப்பை இழந்தனர். 2019இல் அப்பிள் நிறுவனம் தனது இயக்க முறைமையின் 'கற்றலினா' பதிப்பில் 32 பிற்று நிரல்களுக்கான ஆதரவை நீக்கியபோது, புதுப்பிக்கப்படாத பழைய செருகுநிரல்கள் அங்கு இயங்காதொழிந்தன.

எதிர்த்திசையிலான முயற்சிகளும் இருந்தன. லினக்ஸ் சூழலில் 2000ஆம் ஆண்டில் எளிய திறந்த நியமமொன்று தோன்றி, பின்னர் எல்.வி. 2 ஆக வளர்ந்தது. அதன் நிலைபேணல் ஏற்பாடு, பொட்டலத்துக்குப் பதிலாகப் பெயரிடப்பட்ட பண்புகளாக நிலையைக் கொடுக்கும்படி செருகுநிரலை வேண்டுகிறது. அவை மனிதர் வாசிக்கக்கூடிய உரையாகவும் எழுதப்படலாம். 2022இல் பிற்விக், யூ-ஹீ ஆகிய இரு நிறுவனங்கள் முன்னின்று 'கிளாப்' என்னும் நியமத்தைத் தாராளமான எம்.ஐ.ரி. உரிமத்தின் கீழ் வெளியிட்டன. எந்த அழைப்பு எந்த இழையில் நிகழலாம் என்பதை வெளிப்படையாக வரையறுத்திருப்பது அதன் குறிப்பிடத்தக்க பண்பு. 2025இல் வி.எஸ்.ரி. 3உம் அதே உரிமத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. பொதுவாகிவிட்ட ஒன்றைத் தனியுடைமையாகப் பேணுதல் நெடுங்காலம் இலகுவன்று என்பதற்கு இது சான்றாகும்.

ஆயினும் நியமம் திறந்துவிட்டது என்பதனால் நினைவு விடுதலை பெற்றுவிட்டது எனக் கொள்ள முடியாது. நியமம் என்பது புரவலனும் செருகுநிரலும் பேசும் மொழி. பொட்டலத்தின் உள்ளடக்கத்தை அது வரையறுப்பதில்லை. திறந்த மொழியிலும் பூட்டிய கடிதங்களை எழுதலாம். தொழில்நுட்ப நியமத்தின் சீர்திருத்தத்தை உடைமை உறவின் மாற்றமாகக் கருதி மகிழ்வோர் இவ்வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும்.

6. முடிவாக

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், செருகுநிரலில் நிகழ்காலம் என்பது இறந்தகாலத்தின் ஒழுங்கமைந்த பேணலால் மட்டுமே நிலைபெறுகிறது என்பது பெறப்படும். முன்னரே ஒதுக்கிய நினைவகம், துண்டம் தாண்டி வரும் எண்கள், சேமித்த தெரிவுகள் ஆகிய மூன்றும் இன்றி ஒரு துண்டம்கூட ஒழுங்காக ஒலியாது. மார்க்ஸ் தமது 'மூலதன'த்தில் உயிருழைப்புக்கும் கருவியில் உறைந்த இறந்த உழைப்புக்கும் இடையிலான உறவை விளக்கியுள்ளார். இசைஞரின் சேமித்த தெரிவுகள் உறைந்த உழைப்பே. அவை மீண்டும் உயிருழைப்பின் கையில் சேருமா, அன்றி அதற்கு எட்டாது நிற்குமா என்பதை நிரலின் தர்க்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

பாணனின் வாய்பாடுகள் பாணர் குழு முழுவதற்கும் உரியனவாக இருந்தன. ஒருவன் இறந்தாலும் அவை இன்னொருவன் நாவில் வாழ்ந்தன. புரவலன் பரிசில் மறுக்கலாம். பாடலை மறக்கச் செய்ய அவனால் இயலாது. இன்றைய இசைஞரின் கையில் அக்காலப் பாணன் கனவிலும் காணாத நுட்பமான நினைவுக் கருவி உள்ளது. ஆனால் அந்நினைவின் திறவுகோல் அவரிடம் இல்லை.

எனவே நடைமுறையில் இரண்டு கடமைகள் உள. முதலாவது இசைஞருடையது: முடித்த ஒவ்வொரு தடத்தையும் வெறும் ஒலியாகவும் வெளியிட்டுக் காத்தல், முக்கியமான அமைப்புகளின் எண்களை எழுத்தில் குறித்துவைத்தல், இயன்றவரை திறந்த மூலச் செருகுநிரல்களைப் பயன்படுத்துதல். இரண்டாவது பல்கலைக்கழகங்கள், சுவடிக்கூடங்கள் ஆகியவற்றினுடையது: பாடலைப் பேணுவதுபோல், அதனை ஆக்கிய கோப்புகளையும் வாசிக்கக்கூடிய வடிவிற் பேணுதல். எமது நாடக நண்பர் இப்போது அச்சிறையறை முழக்கத்தைச் செவி நினைவிலிருந்து மீண்டும் அமைத்து வருகிறார். இம்முறை ஒவ்வொரு எண்ணையும் அப்பியாசக் கொப்பியொன்றில் எழுதி வைக்கிறார்.